அண்ணன்மார் கதையும் இருபது முகப் பகடைக்காயும்

சென்ற ஆண்டு மார்கழித் திங்களில் ஒரு பிற்பகல். வகுப்புகள் முடிந்தபின் என் மாணவர் ஐவர் துறை நூலகத்தின் நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். மேசைமேல் நூல் எதுவும் விரிந்திருக்கவில்லை. கையால் வரைந்த ஒரு நிலப்படம், குறிப்பெழுதிய சில தாள்கள், கூழாங்கல்போல் வழுவழுப்பான சில பகடைக்காய்கள் ஆகியனவே இருந்தன. அக்காய்களுள் ஒன்றற்கு இருபது முகங்கள். நிலப்படத்தை உற்று நோக்கினேன். பொன்னிவளநாடு, தலையூர், வீரமலைக் காடு என்னும் பெயர்கள் பச்சை மையால் எழுதப்பெற்றிருந்தன.

“அண்ணன்மார் கதைய ஆடப் போறோமுங்கம்மா. தப்பு வந்தா நீங்க சொல்லோணும்” என்றான் அவர்களுள் மூத்தவன்.

கொங்கு நாட்டில் பிறந்தவளாதலின் அண்ணன்மார் கதை பாடப்பெறுவதைக் கேட்டிருக்கிறேன். கூத்தாக ஆடப்பெறுவதைக் கண்டிருக்கிறேன். மேசையில் அமர்ந்து ஆடுவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். ஒருவன் கதையை நடத்தினான். ஏனைய நால்வரும் ஆளுக்கொரு கதைமாந்தராயினர். ஒருவன் சங்கர், ஒருவன் சாம்புவன், ஒருத்தி தங்காள், மற்றொருவன் வீரமலைக் காட்டு வேட்டுவ இளைஞன். அரைமணி நேரம் ஆட்டம் இனிதே நடந்தது. பின்னர் இரண்டு வினாக்கள் எழுந்தன.

“அண்ணன்மாரு சண்டைக்குப் போனா நான் வீட்டுலயே காத்திருக்கோணுமா? எனக்கு ஆட்டமே இல்லீங்களா?” என்று தங்காளாக அமர்ந்தவள் கேட்டாள். சற்று நேரம் கழித்து, வேட்டுவனாக அமர்ந்தவன் பகடைக்காயைக் கீழே வைத்துவிட்டு, “எங்க அப்புச்சி இந்தக் கதைல எந்தப் பக்கமுங்கம்மா நின்னிருப்பாரு?” என்றான்.

தவறு வந்தால் சொல்ல வேண்டும் என்றுதான் என்னைக் கேட்டிருந்தனர். அவ்விரண்டும் தவறுகள் அல்ல. ஆயினும் என்னிடம் விடையும் இல்லை. பேருந்துக்கு நேரமாயிற்று என்று சொல்லி எழுந்துவிட்டேன். நம் இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என நண்பர்கள் கேட்டபோது, அன்று சொல்லாது விட்ட விடையைத் தேடுவதே தகும் எனக் கருதினேன். பழங்கதை ஒன்றைப் புதிய ஆட்டக்காரர் கையிற் கொடுக்கும்போது எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

மேசையில் ஆடும் கதை

பகடை நமக்குப் புதிதன்று. தாயமும் பரமபதமும் ஆடாத வீடுகள் ஒரு காலத்தில் இங்கே குறைவு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் விரிப்பது இன்றும் சில இல்லங்களில் வழக்கமாக உள்ளது. பரமபதப் படத்திற்குள்ளும் ஒரு கதை உண்டு. நற்செயல் ஏணியாகி ஏற்றும். தீச்செயல் பாம்பாகி இறக்கும். ஆனால் ஆடுபவர் தாமே தேர்ந்து செய்வதற்கு அதில் எதுவும் இல்லை. காய் விழுந்த எண்ணுக்கு ஏற்ப ஏறவோ இறங்கவோ வேண்டியதுதான்.

என் மாணவர் ஆடியது வேறு வகை. இதன் முதல் அச்சு வடிவம் 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் அதனை ஆக்கினர். சிறு பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் நிகழ்த்தும் விளையாட்டிலிருந்து இது கிளைத்தது. அங்கு ஒருவர் ஒரு படையையே நடத்துவார். இங்கோ ஒருவர் ஒரே ஒரு மாந்தராகிவிடுகிறார். கதை நடத்துநர் சூழலை வாய்மொழியாக விரித்துரைப்பார். ஆடுவோர் தத்தம் மாந்தர் அடுத்து என்ன செய்வார் என்பதைச் சொல்வர். கைகூடுமோ கூடாதோ என ஐயத்திற்குரிய செயலாயின் பகடைக்காய் உருளும். வெற்றி தோல்வி கணக்கிட்டு முடியும் ஆட்டமன்று. கதை நீளும்வரை ஆட்டமும் நீளும்.

இவ்வாட்டத்திற்கெனக் கதைத்திட்டங்களை எழுதி அச்சிட்டு விற்கும் வழக்கமும் உடன் வளர்ந்தது. இடங்களின் படம், எதிர்ப்படும் மாந்தர், மறைந்துள்ள இடர்கள் ஆகியவற்றைக் கதைத்திட்டம் தரும். அவ்வழியே என்ன நிகழும் என்பதை ஆடுவோரே தீர்மானிப்பர். கைகாக்ஸ் எழுதிய ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்னும் திட்டம் 1975-இல் ஆட்டக்காரர் கூடுகை ஒன்றில் முதலில் ஆடப்பெற்று, 1978-இல் அச்சேறியது. அக்கல்லறைக்குள் நுழைந்தோர் பெரும்பாலும் மீள்வதில்லை என்பதே அதன் புகழ். இத்தகைய பழைய திட்டங்கள் ஏழினைத் திரட்டி, இன்றைய விதிகளுக்கு ஏற்பத் திருத்தி, 2017-இல் ஒரே நூலாக வெளியிட்டனர்.

நம் பொருளுக்கு மிகவும் நெருங்கிய சான்று 1983-இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்னும் இணையர் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ ஆகும். குருதி குடிக்கும் பிரபு ஒருவனின் கோட்டைக்குள் செல்லும் கதை அது. குறி சொல்லும் முதியவள் ஒருத்தி சீட்டுகளை எடுத்து வைப்பாள். எந்தச் சீட்டு விழுகிறதோ அதற்கேற்பப் புதையல்கள் இருக்கும் இடங்களும் பகைவனைச் சந்திக்கும் இடமும் மாறும். கோட்டை ஒன்றே, ஒவ்வொரு முறையும் கதை வேறு. 2016-இல் அவ்விணையரின் ஆலோசனையுடன் இக்கதையை விரித்து ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்னும் பெயரில் புதுக்கினர். கோட்டையும் பிரபுவும் சீட்டும் அப்படியே நின்றன. கோட்டையைச் சூழ்ந்த நாடும் ஊர்களும் விரிவுபெற்றன.

அத்துடன் அது முடியவில்லை. குறி சொல்லும் முதியவளின் குலத்தாரை நாடோடிகளாகவும், குடிகாரராகவும், பிரபுவின் கையாட்களாகவும் அந்நூல் காட்டியிருந்தது. ஐரோப்பாவில் நெடுங்காலமாக இழிவுபடுத்தப்பெற்ற ரோமா மக்களைப் பற்றிய பழைய அவதூறுகளே கதையுள் மீண்டும் புகுந்துள்ளன என ஆடுவோர் பலர் குறை கூறினர். பதிப்பகத்தார் அதனை ஏற்று 2020-இல் அப்பகுதிகளைத் திருத்தி வெளியிட்டனர். மேசையில் அமரும் ஒருவர், தம் முன்னோர் இழிவாகச் சித்திரிக்கப்பெற்ற கதையை எவ்வாறு மகிழ்ந்து ஆட இயலும்? என் மாணவன் கேட்ட வினாவும் இதுவே.

உடுக்கையும் கதையும்

இனி நம் கதைக்கு வருவோம். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் இருவர், அவர்தம் தங்கை தங்காள், தந்தை குன்றுடையான், நெடுந்தவம் இருந்து மக்களைப் பெற்ற தாய் தாமரை. பங்காளிப் பகை, தலையூர்க் காளியுடன் மாறுபாடு, வேட்டுவரோடு பூசல், கொம்பன் என்னும் காட்டுப் பன்றி, இறுதியில் அண்ணன்மார் இருவரும் களத்தில் மாய்தல் எனக் கதை செல்லும். பொன்னர் பொறுமையின் உரு. சங்கர் சினத்தின் உரு. கொங்கு நாட்டில் இக்கதையை அறியாத சிற்றூர் அரிது.

இது முதலில் ஏட்டுக் கதையன்று; உடுக்கடிப் பாட்டு. பாடகர் உடுக்கையை ஏந்தி அமர்வார். துணைப்பாடகர் பின்பாட்டு ஏற்பார். பாட்டும் உரையும் மாறி மாறி வர, கதை பல இரவுகள் நீளும். என் இளமையில் காங்கயம் பக்கத்து அப்புச்சி ஊரில் களத்துமேட்டில் ஒருமுறை அவ்வாறு கேட்டது நினைவிலுள்ளது. ஆடவர் முன்னே அமர்ந்திருந்தனர். நாங்கள் அம்முச்சியோடு பின்னே, வைக்கோற் போரின் ஓரத்தில் இருந்தோம். அவ்வாண்டு மழை பொய்த்திருந்தது. குன்றுடையான் காலத்து வறட்சியைப் பாட வந்த பாடகர் அதனை அரைமணி நேரம் நீட்டினார். எங்கள் ஊர்க் கிணறுகளின் பெயர்களையும் அதனுள் சேர்த்தார். அம்முச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னாளில் அச்சு நூலில் அப்பகுதியைத் தேடினேன். நான் கேட்டது அதில் இல்லை. அது அன்றிரவுக்கென அந்த ஊரார் முன் பிறந்த பகுதி.

கதை நடத்துநரின் தொழிலும் இதுவே எனலாம். உடுக்கைப் பாடகரிடம் ஒரு திட்டம் இருந்தது. முன்னே அமர்ந்தோரின் முகக்குறிப்பைக் கண்டு அவர் நீட்டினார், சுருக்கினார், ஓரிடத்தை விட்டார், ஓரிடத்தைச் சேர்த்தார். ஆகவே பழங்கதையைப் புதியோருக்காகப் புதுக்குதல் அமெரிக்க மேசையிலிருந்து நாம் கற்க வேண்டிய வித்தையன்று. உடுக்கையின் ஒலியோடு பிறந்த பழக்கம் அது.

இப்பழக்கத்தின் ஒரு கணத்தைப் பிடித்து வைத்தவர் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக். காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்ந்த அவர், 1965-இல் இராமசாமி என்னும் பாடகர் பாடிய கதையை ஒலிநாடாக்களில் பதிவு செய்தார். கொங்குச் சமுதாயம் பற்றிய அவரது நூல் 1972-இலும், இக்கதை சொல்லப்பெறும் முறைகளை ஆராயும் நூல் 1982-இலும் வெளிவந்தன. பதிவு செய்த பாடம் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகச் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வாயிலாக 1992-இல் அச்சேறியது. ஓர் ஊரில், ஒரு பருவத்தில், ஒரு பாடகர் வாயிலிருந்து வந்த வடிவம் அது. அதன் அருமை பெரிது. ஆயினும் அதுவே கதை முழுமையும் என்று கொள்ளலாகாது. ஒரு மேசையில் ஒரு நாள் ஆடிய ஆட்டத்தை எழுதி வைத்தால், அவ்வெழுத்து அன்றைய ஆட்டத்திற்கே சான்றாகும். நாளைய ஆட்டத்திற்கு அது கட்டளை ஆகாது.

அச்சும் திரையும்

அச்சும் திரையும் இக்கதையை அவ்வக்காலத்துக்கேற்பப் புதுக்கியுள்ளன. கொங்குக் கவிஞர் சக்திக்கனல் இதனைப் பதிப்பித்து ஏட்டு மரபைப் படிப்போர் கையிற் சேர்த்தார். மேனாள் முதல்வர் மு. கருணாநிதி ‘பொன்னர் சங்கர்’ என்னும் பெயரில் புதினமாக்கினார். அப்புதினத்தைத் தழுவித் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் இரட்டை வேடம் ஏற்ற திரைப்படம் 2011-இல் வந்தது. பெக் அம்மையாரும் தம் பதிவை அடியொற்றி, தமிழ் ஓவியர் ஒருவரின் படங்களைக் கொண்டு, 26 பகுதிகள் உடைய அசைவூட்டப்படத் தொடரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் உருவாக்கினார். வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இக்கதை எட்டியது இவ்வாறுதான்.

இவை அனைத்தையும் வரவேற்கிறேன். எனினும் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். களத்துமேட்டில் கேட்போர் குறுக்கிட்டனர். பாடகர் அதற்கு இணங்கினார். புதினம் படிப்போரும் திரைப்படம் காண்போரும் அவ்வாறு குறுக்கிட இயலாது. தங்காளுக்கு ஆட்டமில்லையா என்று திரையரங்கில் ஒரு பெண் கேட்டால், திரையில் ஓடும் காட்சி நின்று விடை சொல்லாது. என் மாணவியின் வினாவுக்கு மேசையில் இடம் கிடைத்தது. நாற்பதாண்டுகளுக்கு முன் உடுக்கைப் பாட்டின் பின்வரிசையில் அமர்ந்திருந்த எங்களுக்கோ கேட்கும் உரிமையும் கிட்டவில்லை. ஆதலின் மேசை ஆட்டத்தை வெறும் மேனாட்டு மோகம் எனத் தள்ளிவிட என் உள்ளம் ஒப்பவில்லை.

படுகளம்

இக்கதையைக் கேட்பதோடு நில்லாமல், அதனுள் தாமே புகும் மரபும் நம்மிடம் உண்டு. அதன் பெயர் படுகளம். மணப்பாறை வட்டாரத்து வீரப்பூரில் பெரியகாண்டியம்மன் கோயிலின் மாசிப் பெருந்திருவிழா புகழ்பெற்றது. அண்ணன்மார் மாய்ந்த இடமாக அப்பகுதியில் படுகளம் என ஓரிடமே வணங்கப்பெறுகிறது. கொங்குச் சிற்றூர்கள் சிலவற்றிலும் அண்ணன்மார் கோயில் விழாக்களில் படுகளம் நிகழும். கதை போரை எட்டும்போது, நோன்பிருந்த ஆடவர் அருள்வந்து களத்தில் விழுவர். அவர்களை இறந்தாராகவே கருதித் துணியால் மூடுவர். பெண்கள் சூழ்ந்திருந்து ஒப்பாரி வைப்பர். அது நடிப்பென்று அங்கு எவரும் எண்ணுவதில்லை. பின்னர்த் தங்காளின் நிலையில் நிற்கும் பெண் தீர்த்தம் தெளிக்க, விழுந்தோர் ஒவ்வொருவராக எழுவர்.

திரௌபதியம்மன் விழாக்களிலும் படுகளம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபீட்டல் 1999-இல் வெளியிட்ட நூலில் அண்ணன்மார் கதையை மகாபாரதத்தோடு வைத்து விரிவாக ஆராய்ந்துள்ளார். நாம் ஈண்டு நோக்க வேண்டுவது படுகளத்தின் உள்முறை. மேசை ஆட்டத்தோடு அது ஒக்கும் இடமும் உண்டு. ஒவ்வா இடமும் உண்டு. இரண்டிலும் இக்காலத்து மனிதர் ஒருவர் பழங்கதையின் மாந்தராகிறார். மேசையில் பகடைக்காய் உருண்டு முடிவு மாறலாம். படுகளத்தில் முடிவு மாறாது. யார் விழுவர், எத்தனை பேர் விழுவர் என்பது ஆண்டுதோறும் மாறும். களத்தில் விழ வேண்டும் என்பதும், விழுந்தோர் எழுப்பப்பெற வேண்டும் என்பதும் மாறுவதில்லை. விழுந்த ஒருவரை எழுப்பாது விட்டுவிட்டு ஊரார் வீடு திரும்புவதில்லை.

மாற்றத்தக்கவையும் மாற்றலாகாதவையும்

இப்போது அவ்விரு வினாக்களுக்கும் வருகிறேன்.

முதலாவது தங்காளைப் பற்றியது. வழக்கமான சுருக்கங்களில் அவள் கிளி கேட்கும் தங்கையாகவும், அண்ணன்மாரை இழந்து அழும் தங்கையாகவும் மட்டுமே எஞ்சுகிறாள். பாடகர் வடிவங்களில் அவள் அத்துணைச் சிறியவள் அல்லள். வரப்போவதைக் கனவில் முன்னுணர்பவள் அவள். ஆண்மக்கள் எல்லாரும் மாய்ந்தபின் தனியளாய்க் காடு கடந்து களத்தைத் தேடிச் செல்பவளும், தெய்வத்தின் துணைகொண்டு மாய்ந்தோரைச் சற்று நேரமேனும் எழுப்பிப் பேசுபவளும் அவளே. போரோடு கதையை நிறுத்துவோர் அவள் பகுதியை வெட்டிவிடுகின்றனர். ஆகவே என் மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது: புதிதாக ஒரு வாளை உன் கையில் திணிக்க வேண்டியதில்லை, சுருக்கியோர் பறித்ததை மீட்டாலே போதும். முன்னுணர்ந்ததைச் சொல்லியும் அண்ணன்மார் கேளாதபோது அவள் என்ன செய்வாள் என்பதைக் கதை திறந்தே விட்டிருக்கிறது. அங்கே நீ ஆடலாம்.

பொன்னாச்சியை ஈண்டு நினைவுகூர்கிறேன். பெருவீரரும் வேட்டை நாய்களும் திணறும் இடத்தில், கொம்பனை வீழ்த்த வழிசெய்வது எவரும் பொருட்படுத்தாத சிறு பெண்நாயாகிய பொன்னாச்சி. பின்வரிசையில் இருந்த எங்களுக்கு மிகவும் பிடித்த மாந்தர் அவள்தான். பொருட்படுத்தப்பெறாதாருக்கு ஒரு பெருஞ்செயலை இக்கதை தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அண்ணன்மாருக்கு உறுதுணையாய்க் களம்வரை உடன்சென்று, அவர்களோடு சேர்த்து வணங்கப்பெறும் சாம்புவனும் அத்தகையவனே. புதுக்குவோர் முதலில் செய்ய வேண்டிய பணி இவர்களைத் தேடுதல்.

இரண்டாவது வினா கடினமானது. நான் கேட்டு வளர்ந்த கதை கலப்பையின் பக்கம் நின்று பாடப்பெற்றது. என் குடும்பமும் கலப்பையின் பக்கத்தது. உழுகுடிக்கும் வேட்டைக்குடிக்கும் இடையிலான பூசலே இக்கதையின் முதுகெலும்பு. பன்றி வந்து வயலை அழித்தது என்று பாடும்போது நாங்கள் எல்லாரும் வயலுக்காக வருந்தினோம். அவ்வயலுக்கு முன் அங்கே காடு இருந்திருக்கும் என்பதும், அக்காட்டில் வாழ்ந்தோருக்கு வயலே அழிவாகத் தோன்றியிருக்கும் என்பதும் நூல் படித்துப் பட்டம் பெற்ற பின்னரும் எனக்குத் தோன்றவில்லை. வேட்டுவர் என்னும் பெயருடன் நம்மிடையே இன்றும் வாழும் மக்களின் வீட்டுப் பிள்ளை ஒருவன் கேட்டபோதுதான் தோன்றியது. இதனை எழுதும்போது நாணம் உண்டாகிறது. ஆயினும் மறைப்பது முறையன்று.

இதற்குச் சிலர் எளிய வழி கூறுவர். பகைவருக்கு வேறு பெயர் சூட்டிவிடலாம், பூசலையே நீக்கிவிடலாம், எல்லாரும் கூடி ஒரு பூதத்தை வென்றதாக முடித்துவிடலாம் என்பர். எனக்கு அது உடன்பாடன்று. பூசலை நீக்கினால் அண்ணன்மாரின் இறப்புக்குப் பொருளில்லை, படுகளத்திற்கும் பொருளில்லை. காடு வயலானது நம் நிலத்தின் வரலாறு. அதில் இழந்தோர் உண்டு. பெயரை அழித்தால் இழந்தோரின் பெயரும் சேர்ந்து அழியும். ரேவன்லாஃப்டைப் புதுக்கியோரும் அக்குலத்தாரைக் கதையிலிருந்து நீக்கவில்லை. இழிவை நீக்கி அவர்களுக்குரிய தகைமையைத் தந்தனர். நாமும் வேட்டுவருக்கு ஒரு காரணத்தையும், ஒரு வீட்டையும், இழப்புக்கு அழும் ஒரு தங்கையையும் தரலாம். அவ்வாறு தந்தால் போர் இன்னும் துயரம் மிக்கதாகும். கதையின் உயர்வு அதனால் குறையாது.

ஆக, வழிகள் மாறலாம். யார் கண்வழியே காண்கிறோம் என்பது மாறலாம். நீட்டலும் சுருக்கலும் நடத்துநர் உரிமை. இழப்பு உண்மையானது என்பதும், விழுந்தோரை எழுப்பும் கடமை எஞ்சியோருக்கு உண்டு என்பதும் மாறலாகாதவை. இவ்விரண்டையும் விட்டுவிட்டால் ஊர்ப் பெயர்களும் மாந்தர் பெயர்களும் மட்டுமே எஞ்சும். அதனை அண்ணன்மார் கதை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மீண்டும் மேசை

தைப்பொங்கல் விடுமுறைக்குப் பின் மாணவர்கள் மீண்டும் கூடினர். இம்முறை நான் பேருந்து நேரத்தைச் சொல்லி எழவில்லை. மேலே எழுதியவற்றை எல்லாம் அவர்களிடம் சொல்லவுமில்லை. வேட்டுவனாக ஆடியவனை மட்டும், “காட்டிலிருந்து தொடங்கு கண்ணு, அங்க என்ன இருந்துச்சுன்னு சொல்லு” என்றேன். அவன் காட்டைச் சொன்னான். தேனடைகளையும், மழைக்காலத்துச் சுனையையும், உழுபடை முதன்முதலில் காட்டோரத்தில் இறங்கிய நாளையும் சொன்னான். எந்த நூலிலும் இல்லாதவை. கதை நடத்தியவன் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு பன்றி வேட்டை வந்தது; போரும் வந்தது. பகடைக்காய் பலமுறை உருண்டது. சங்கர் விழுந்தான். சாம்புவன் விழுந்தான். வேட்டுவனும் விழுந்தான். விழுந்தவர் எல்லாரும் தத்தம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசாதிருந்தனர். தங்காள் மட்டும் எஞ்சினாள். அவள் எழுந்து மேசையைச் சுற்றி நடந்தாள். தண்ணீர்ப் புட்டியிலிருந்து சிறிது நீரை உள்ளங்கையில் ஊற்றி, சங்கரின் தாளில் ஒரு துளி தெளித்தாள். சாம்புவன் தாளில் ஒரு துளி. பின்னர் வேட்டுவன் முன் நின்று என்னைப் பார்த்தாள்.

“இவனையும் எழுப்பலாமுங்களாம்மா?”

பாடல்களில் அவ்வாறு இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தவறு வந்தால் சொல்ல வேண்டும் என்று கேட்டு என்னை அமர்த்தியவர்கள் அவர்கள்.

“படுகளத்துல விழுந்தவங்க யாரையும் எழுப்பாம விடறதில்லையே” என்றேன்.

அவள் தெளித்தாள். அவன் தாளைத் திருப்பினான். பச்சை மையில் நீர் பட்டு வீரமலை என்னும் எழுத்து சற்றே கலைந்திருந்தது.

நம் வட்டத்துக் கவிஞர் பலர் இவ்வட்டாரக் கதைகளைக் கவிதையாகவும் நாடகமாகவும் எழுதி வருகின்றனர், இனியும் எழுதுவர். அவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன். எழுதத் தொடங்குமுன் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் யார் என ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கதையின் விடுபட்ட பகுதி அவரிடம் இருக்கக்கூடும்.